ஒன்பதாம் பக்கத்தின் ஐந்தாவது வரி

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் சென்னைக் குழுவினருக்கு,

வணக்கம். நான் மயிலாடுதுறைக்காரி. 2022 செப்டம்பர் முதல் 2023 ஜூலை வரை உங்கள் மூலமாக ஜெர்மனி போய், ஹாலே நகரத்தில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படித்துவிட்டு வந்தவள். இந்த வருடம் கிளம்பப்போகும் பிள்ளைகளுக்கான கையேட்டை அனுப்பி, "பார்த்துட்டு ஏதாவது திருத்தம் இருந்தா சொல்லும்மா" என்று கேட்டிருந்தீர்கள். பார்த்தேன். எழுத்துப்பிழை இரண்டு இருந்தது, தனியாகக் குறித்து அனுப்பிவிட்டேன். ஒன்பதாம் பக்கத்தில் ஐந்தாவது வரி மட்டும் என் காலத்தில் இருந்த மாதிரியே இருக்கிறது: "தங்கும் வீட்டாருக்கு எந்த விதத்திலும் தொந்தரவு கொடுக்காதீர்கள். எதையும் கேட்டு வாங்காதீர்கள். இருப்பதை வைத்து அனுசரித்துப் போங்கள்."

இந்த வரியை எடுத்துவிடுங்கள். மின்னஞ்சலில் இதை மட்டும் எழுதியிருந்தால் "சின்னப் பெண், ஏதோ சொல்கிறாள்" என்று விட்டுவிடுவீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பெற்றோர்களும் படிக்கட்டும். உங்களுக்கு முன்பே அவர்கள்தான் இந்த வரியை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள்.

எங்கள் வீட்டில் சாப்பாடு போடும்போது "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டால் "போதும்" என்பதுதான் முதல் பதில். இரண்டாம் தடவைக்கும் அதே பதில். மூன்றாம் தடவை அம்மா கேட்கவே மாட்டாள், கரண்டி தானாக இலைக்கு வந்துவிடும். பதினாறு வருடம் இப்படியே சாப்பிட்டவள் ஹாலேயில் முதல் இரவு உருளைக்கிழங்கு சூப் முன்னால் உட்கார்ந்தேன். நல்ல பசி. ஒரு கிண்ணம் முடிந்ததும் அந்த வீட்டு அம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு "இன்னும்?" என்று கேட்டார். வாய் நிறையச் சிரித்து "டான்கே" என்றேன். நன்றி, போடுங்கள் என்று அர்த்தம் வைத்துத்தான் சொன்னேன். கரண்டி சட்டிக்குத் திரும்பிப் போனது. மூடியும் போட்டாகிவிட்டது.

ஒருவர் எதையாவது நீட்டும்போது வெறும் "டான்கே" சொன்னால் ஜெர்மன்காரர்களுக்கு அது "வேண்டாம், நன்றி." வேண்டும் என்றால் "யா, கெர்ன" என்றோ "பிட்டெ" என்றோ சொல்ல வேண்டும். ஒரு வருடம் ஜெர்மன் வகுப்புக்குப் போயிருந்தும் இது என் காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் தங்கவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், அவர்கள் ஒரு தடவைதான் கேட்பார்கள். இரண்டாம் முறை கேட்பது வற்புறுத்தல், அது மரியாதைக் குறைவு. அவர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள், நானும் மரியாதையாக நடந்துகொண்டேன், பட்டினி மட்டும் எனக்கு.

மறுநாளிலிருந்து ஆபென்ட்ப்ரோட். மாலை ஆறரைக்கு ஆளுக்கொரு சின்ன மரப்பலகை, நடுவில் ரொட்டிக்கூடை, வெண்ணெய், சீஸ், வெள்ளரி ஊறுகாய், சிலநாள் முள்ளங்கி. அடுப்பு மூட்டாத ராத்திரிச் சாப்பாடு. அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும், யாரும் யாருக்கும் பரிமாறுவதில்லை. யாராவது எடுத்து வைப்பார்கள் என்று நான் காத்திருந்தேன். எனக்குப் பசியில்லை போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். இரண்டு ரொட்டித்துண்டோடு எழுந்துவிடுவேன். அப்புறம் பத்து மணிக்கு மேல் போர்வைக்குள் புகுந்துகொண்டு, அம்மா கட்டிக்கொடுத்த கைமுறுக்கு. அந்த வீட்டுத் தம்பிக்குப் பதினான்கு வயது, அடுத்த அறை. சுவருக்குள் எலி புகுந்துவிட்டது, ராத்திரி பத்தரைக்கு மேல்தான் கொறிக்கிறது என்று அவன் அப்பாவிடம் புகார் செய்திருக்கிறான். அவர் ஒரு எலிப்பொறிகூட வாங்கி வைத்துவிட்டார். இது எனக்கு அக்டோபர் கடைசியில்தான் தெரியும்.

குளிர் இன்னொரு கதை. 2022 எப்பேர்ப்பட்ட வருடம் என்று உங்களுக்கே தெரியும். உக்ரைன் போர், ரஷ்ய எரிவாயு நின்றுபோனது, அந்த செப்டம்பரிலிருந்து அரசு அலுவலகங்களை 19 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது என்று உத்தரவு. வீட்டில் சாப்பாட்டு மேசையில் தினமும் கேஸ் பில் பேச்சு. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் என் அறை ஹீட்டரின் திருகைத் தொடுவேனா? ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன். சலவை இயந்திரமும் மின்சாரம்தானே என்று, உடுப்புகளை ராத்திரி குளியலறைத் தொட்டியில் நானே துவைத்து என் அறைக்குள் கொடிகட்டிக் காயப்போட்டேன். குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறப்பதே இல்லை.

அங்கே வீட்டு ஜன்னலைத் திறப்பது பல் துலக்குவது மாதிரி ஒரு தினசரிக் கடமை. ஷ்டோஸ்லூஃப்டன் என்று பெயர். பனி கொட்டினாலும் ஹீட்டரை அணைத்துவிட்டு எல்லா ஜன்னலையும் ஐந்து, பத்து நிமிடம் விரியத் திறந்து ஈரக்காற்றை வெளியே தள்ளிவிட்டு மூடுவார்கள். காற்று புகாதபடி இறுக்கிக் கட்டிய வீடுகள் அவை. ஈரம் உள்ளேயே தங்கினால் சுவரில் பூஞ்சை பிடித்துவிடும். வாடகைக்கு இருப்பவருக்கும் வீட்டுக்காரருக்கும் அங்கே நடக்கும் பெரிய சண்டைகளில் இந்தப் பூஞ்சைச் சண்டையும் ஒன்று. நான் சத்தமில்லாமல் செலவைக் குறைத்த லட்சணம், அக்டோபர் நடுவில் என் அறைக் கண்ணாடியில் தண்ணீர் கோடுகோடாக வழிந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் சுவர் மூலையில் கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பு.

பாட்டில் கதையையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்த் தண்ணீர் பாட்டிலில் "பயன்படுத்தியபின் நசுக்கவும்" என்று போட்டிருக்கும் அல்லவா? ஒரு வாரம் சேர்ந்த காலி பாட்டில் பதினான்கையும் உதவியாக இருக்கட்டும் என்று அழகாக நசுக்கி மூட்டை கட்டி வைத்தேன். அங்கே அந்த பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 25 செண்ட் முன்பணம், ஃபாண்ட் என்பார்கள். கடையில் உள்ள இயந்திரத்தின் வாயில் பாட்டிலைப் போட்டால் அது சுழற்றிப் பார்த்து, குறியைப் படித்து, பணத்துக்குச் சீட்டு தரும். நசுங்கிய பாட்டிலை அதனால் படிக்க முடியாது, துப்பிவிடும். மூன்றரை யூரோ போச்சு. அந்தத் தம்பியின் கைச்செலவுக் காசு அது. "ஏன் என்னிடம் கேட்கவில்லை?" என்றான் அவன். அவ்வளவுதான் கேட்டான். கோபம்கூட இல்லை.

இந்த "ஏன் கேட்கவில்லை" அந்த முதல் ஆறு வாரத்தில் எத்தனை தடவை என் காதில் விழுந்திருக்கும்! ஒரு சனிக்கிழமை அந்த வீட்டு அப்பா என்னை டிராம் நிறுத்தத்துக்கு "ஃபீர்ட்டல் த்ரை"க்கு வரச்சொன்னார். த்ரை என்றால் மூன்று, ஃபீர்ட்டல் என்றால் கால். மூன்றேகால் என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினேன். அந்தப் பக்கத்துப் பேச்சில் அது இரண்டேகால். மூன்றாவது மணியில் கால் பங்கு ஆகியிருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. இரண்டேமுக்கால் என்றால் "த்ரைஃபீர்ட்டல் த்ரை", அதாவது மூன்றாவது மணியில் முக்கால் பங்கு. வகுப்பில் சொல்லிக்கொடுத்தது வேறு முறை, ஜெர்மனியின் மற்ற பல பகுதிகளில் அதுதான் வழக்கம். அவர் ஒரு மணிநேரம் காற்றில் நின்றிருக்கிறார். "புரியவில்லை" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நம் தலையாட்டலும் சாமானியப்பட்டதில்லை. அது ஆமாமா இல்லையா என்று கடைசிவரை அவர்களுக்குப் பிடிபடவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அந்த வீட்டு அம்மாவும் அப்பாவும் முதல் நாளே பெயர் சொல்லிக் கூப்பிடு என்றார்கள். நாற்பத்தைந்து வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. அத்தை, மாமா என்றால் அவர்களுக்குப் புரியாது. அதனால் எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல் இருந்தேன். பேச வேண்டுமென்றால் எதிரில் போய் நிற்பேன். அவர்களாகத் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் நிற்பேன்.

அக்டோபர் கடைசி ஞாயிறு. சாப்பாட்டு மேசையில் தேநீர்க் குடுவை, மெழுகுவத்தி, அம்மா கையில் ஒரு துண்டுத்தாள். அதில் மூன்று விஷயம் எழுதி வைத்திருந்தார். உட்காரச் சொன்னதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. சுவர் பூஞ்சைக்காகத் திட்டப்போகிறார், ஊருக்கே அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ எப்படி இருக்கிறாய் என்று தினமும் கேட்கிறேன். நன்றாக இருக்கிறேன் என்கிறாய். ஆறு வாரமாக எல்லாமே நன்றாக இருக்கிற ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை." அப்புறம் தாளை மடித்து வைத்துவிட்டு, "எங்களை உனக்குப் பிடிக்கவில்லையா?" என்றார். குரல் லேசாக உடைந்தது.

நான் தொந்தரவே கொடுக்கவில்லை. உங்கள் கையேட்டை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தேன். அதைத்தான் அந்த அம்மா தன்னைப் பிடிக்காத பெண்ணின் லட்சணமாகப் புரிந்துகொண்டார். அந்த நாட்டில் இப்படிப் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் பெரும்பாலும் வாடகையோ சாப்பாட்டுக் காசோ வாங்குவதில்லை. சும்மா, ஆசைப்பட்டு வைத்துக்கொள்கிறார்கள். காஸ்ட்ஃபமிலியே, அதாவது விருந்தாளிக் குடும்பம் என்று பெயர்தான். விருந்தாளியாக ஒரு வருடம் இருக்கிறவளை யாருக்குத்தான் பிடிக்கும்?

அழுதேன். அழுதுகொண்டே தப்புத்தப்பான ஜெர்மனில், குளிர்கிறது, சோறு வேண்டும், துணி துவைக்க மெஷின் வேண்டும், முறுக்கு தீர்ந்துவிட்டது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தாளைத் திருப்பிப்போட்டு ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். "முறுக்கு என்றால் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். தம்பி மேசைக்கு அந்தப் பக்கமிருந்து, "அப்போ எலி நீதானா?" என்றான்.

மறுநாள் இறகு அடைத்த கனமான போர்வை ஒன்று வந்தது. ஹீட்டர் திருகை மூன்றாம் எண்ணில் வைத்து, ஜன்னலை எப்போது எப்படித் திறப்பது என்று கையைப் பிடித்துக் காட்டினார்கள். ராத்திரி சோறு. அங்கே ஓட்டை போட்ட சின்னப் பிளாஸ்டிக் பைக்குள் அரிசி அடைத்து விற்கிறார்கள். பையோடு கொதிக்கிற தண்ணீரில் போட்டு, வெந்ததும் கத்தரித்துக் கொட்டிக்கொள்ள வேண்டியதுதான். நம் பாட்டிகள் பார்த்தால் மயங்கி விழுவார்கள். நான் மூன்று பை சாப்பிட்டேன். மறுபடி கரண்டி நீண்டபோது "யா, கெர்ன!" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

பள்ளிக்கூடத்தையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நம் வகுப்பில் அடிக்கடி கைதூக்கிக் கேள்வி கேட்கிற பிள்ளைக்கு என்ன பெயர்? அதிகப்பிரசங்கி. அங்கே அதிகப்பிரசங்கிக்குத்தான் மார்க். வகுப்பில் வாய் திறந்து பேசுவதற்கென்றே மதிப்பெண் உண்டு, அது இறுதி மதிப்பெண்ணில் கணிசமான பங்கு. 1 என்றால் முதல்தரம், 6 என்றால் தோல்வி. கணக்கு எழுத்துத் தேர்வில் நான் 1. வாய்மொழிக்கு 5. கணக்கு ஆசிரியை கூப்பிட்டு, "உனக்குப் பதில் தெரிந்திருக்கிறது, பிறகு ஏன் மற்றவர்களுக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறாய்?" என்று கேட்டார். பேசாமல் இருப்பதை அடக்கம் என்று நினைத்திருந்தேன். அது கஞ்சத்தனமாகவும் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எனக்கு உண்மையாகவே பேச்சு வந்தது பாட்டியால். அந்த அம்மாவின் அம்மா, இரண்டு டிராம் நிறுத்தம் தள்ளித் தனியாக இருந்தார். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் வளர்ந்தவர். கடையில் வரிசையைப் பார்த்ததும் என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்காமலே போய் நின்றுவிடுவோம் என்று சிரிப்பார். அவரை "ஓமா", பாட்டி, என்று கூப்பிட எனக்கு ஒரு தடையும் இல்லை, உறவுப்பெயர் அல்லவா! டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிற ஒரு நாளில் அவர் என்னை ஃப்ராங்கே அறக்கட்டளை வளாகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். 1698-இல் அநாதைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இடம். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்து இறங்கினாரே ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, அவர் படித்த ஊர் இதுதான். தரங்கம்பாடி எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். எட்டாம் வகுப்பில் சுற்றுலா போய், கோட்டையைப் பார்த்து, ஐஸ் சாப்பிட்டுவிட்டு வந்ததோடு சரி. அந்த ஊர் ஓலைச்சுவடிகள் ஹாலேயில் பத்திரமாக இருக்கின்றன.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததைக் காட்டி, "இது என்ன எழுத்து, படி பார்ப்போம்" என்றார் பாட்டி. பழைய எழுத்து, புள்ளியே இல்லாமல் இருந்தது. க-வா க்-ஆ என்று தடுமாறித் தடுமாறி, ஒரு வரியை இரண்டு மூன்று விதமாகப் படித்து, அது ஏன் அப்படி என்று விளக்கினேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. பாட்டி கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டுவிட்டு, "அடேயப்பா, உன்னால் பேச முடிகிறதே" என்றார்.

அந்த சீகன்பால்குவை யோசித்துப் பாருங்கள். தமிழ் ஒரு சொல் தெரியாமல் வந்தவர். ஒரு திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரையே பிள்ளைகளோடு தன் வீட்டில் பள்ளி நடத்தச் சொல்லி, அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். அவர் கையில் உங்கள் கையேட்டைக் கொடுத்து, "யாருக்கும் தொந்தரவு கொடுக்காதீர்கள், எதையும் கேட்காதீர்கள்" என்று கப்பலேற்றி அனுப்பியிருந்தால் 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகியிருக்காது. அதற்கான முதல் அச்செழுத்துகளையும் இதே ஹாலேயில்தான் வார்த்து அனுப்பினார்கள்.

கேட்கத் தொடங்கியபின் எல்லாம் இனித்தது என்று சொல்ல மாட்டேன். கேட்டால் "இல்லை" என்ற பதிலும் வரும், அதுவும் ஒரே தடவையில் வரும். லைப்சிக்கில் தோழி வீட்டு விருந்துக்குப் போய் நடுநிசிவரை இருக்கலாமா என்று கேட்டேன். "கூடாது. கடைசி ரயிலில் நீ தனியாக வர வேண்டியிருக்கும்." முடிந்தது. கெஞ்சலும் இல்லை, முகம் தூக்கலும் இல்லை, பத்து நிமிடத்தில் அதே அம்மா எனக்கு ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தார். இன்னொரு நாள் இரும்பு வாணலியை சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டேன். "இப்படிக் கழுவாதே, கெட்டுப்போகும்" என்றார், நேராக, எந்தப் பூச்சும் இல்லாமல். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் பேசியது வாணலியைப் பற்றி, என்னைப் பற்றி இல்லை என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. இப்போதும் சொல்கிறேன், அந்தப் பேச்சில் ஒரு கரண்டி வெல்லம் சேர்த்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

மே மாதம் நாடு முழுக்க உள்ளூர் ரயில்களில் போய்வர 49 யூரோ மாதச்சீட்டு வந்தது. நானாகப் போய், "இது எனக்கு வேண்டும், பாதி நான் போடுகிறேன்" என்று கேட்டேன். அந்தச் சீட்டில் தம்பியும் நானும் சீகன்பால்கு பிறந்த புல்ஸ்னிட்ஸுக்குப் போனோம். அந்த ஊரில் மசாலா கேக்குதான் பிரசித்தம். கிராம்பும் பட்டையுமாக வாயில் போட்டதும், எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

இதுவரை சிரிக்கிற மாதிரி எழுதிவிட்டேன். சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது.

என்னோடு அதே விமானத்தில் வந்த ஒரு பையனுக்கு வேறு ஊர். வீட்டின் நிலவறையில் அறை, ஹீட்டர் வேலை செய்யாது. சனி, ஞாயிறு குடும்பம் வெளியூர் போய்விடும், அலமாரியில் ரொட்டியும் ஜாமும் இருக்கும். இரண்டு மாதம் அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. காரணம் என்ன என்று கேட்டதற்கு என்னிடம் அவன் ஒப்பித்தது ஒன்பதாம் பக்கத்து வரியைத்தான். கடைசியில் உங்களுக்குத்தான் முதலில் போன் செய்தான். "அவங்க காசு வாங்காம வச்சிருக்காங்க, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோப்பா" என்று பதில் வந்திருக்கிறது. யார் பேசினார்கள் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை, உங்களுக்குத் தெரியும். அவன் மேலும் மூன்று வாரம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டான். பிறகு அந்த ஊரிலேயே இருக்கும் தொடர்பாளரிடம் சொன்னான். நான்காவது நாள் வேறு வீடு கிடைத்துவிட்டது. குடும்பம் மாறுவது இந்தத் திட்டங்களில் சாதாரணமாக நடப்பதுதான், அதில் யாருக்கும் அவமானம் இல்லை. இதைக் கையேட்டில் எந்தப் பக்கத்திலும் நீங்கள் எழுதவில்லை.

நல்ல வீட்டில் இருந்த எனக்கு அந்த வரியால் நஷ்டம் ஒரு சுவர் மூலையும் மூன்றரை யூரோவும். அவனுக்கு நேர்ந்தது வேறு. அதனால் கேட்கிறேன், அந்த இடத்தில் ஊர்த் தொடர்பாளரின் எண்ணை எழுதச் சொல்லி ஒரு கோடு போடுங்கள், கிளம்புவதற்கு முன் பிள்ளையே தன் கையால் நிரப்பட்டும். பயிற்சி வகுப்பில் கோட்டைகளின் படம் காட்டுகிற நேரத்தில் பாதியைக் குறைத்து, ஒவ்வொரு பிள்ளையையும் எழுந்து நின்று "வேண்டும்", "வேண்டாம்", "புரியவில்லை", "குளிர்கிறது" என்று ஜெர்மனில் சத்தமாகச் சொல்ல வையுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பெற்றோரையும் பின்வரிசையில் உட்கார வையுங்கள்.

கையேடு அச்சுக்குப் போவதற்குள் ஒன்பதாம் பக்கத்தை மட்டும் ஒரு தடவை எனக்கு அனுப்பினால் போதும். வகுப்புக்கும் வருகிறேன், பஸ் காசு கொடுத்தால் சரி, கேட்டே வாங்கிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும் வைக்காதீர்கள். அங்கே காபியும் கேக்கும் எடுத்து வைக்கிற நேரம் அது, பாட்டி போன் செய்வார். எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு, நான் "நன்றாக" என்று ஆரம்பித்தாலே, "ம், அப்புறம்?" என்பார்.

அன்புடன்,
2022–23 ஆண்டு மாணவி,
மயிலாடுதுறை